எனக்குப் பின்னும் இருக்க வேண்டிய இருவர்

உங்களைவிட வயது குறைந்தவர்களாக, ஊரைவிட்டுப் போய்விடாதவர்களாக, உங்களை நன்றாகத் தெரிந்தவர்களாக இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்றார் பத்திர எழுத்தர். என் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு. இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டுதான் அவர் கடைப் படியைவிட்டு இறங்கினேன். வேலைக்காலம் முழுவதும் இந்தச் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் நான். சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் என் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பு குறைவு. இரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா? வீட்டுக்கு வந்து, மின்விசிறியைப் போட்டு, அதற்கு நேர்கீழே உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் பதில் சொல்கிற வேலையும் மிச்சம். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். அவரும் இல்லை. அவருடைய பையன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று போனில் முகம் காட்டி, "ஹாப்பி கிறிஸ்துமஸ் அத்தை" என்பார்கள். நானும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரிப்பேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் என் வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த வீடுதான் என் சொத்து. நாரணாபுரம் போகிற வழியில், தெருக் கடைசியில், இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை மரம். நைட் டூட்டி பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. தூக்கத்தை விற்றுச் செங்கல் வாங்கினேன் என்று வேடிக்கையாகச் சொல்வேன். சொல்லிச் சிரிக்க ஆள் இருந்த காலத்தில்.

உயில் எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு பிரிட்ஜ். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, என்னைப் போலவே தனிக்கட்டை, விருதுநகரில் இருந்தாள். மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். உயில் கிடையாது. யார் யார் வாரிசு என்பதிலேயே தகராறு. வாரிசுச் சான்றுக்கு ஒருவர் மனுப் போட, தன் பெயர் விட்டுப்போயிற்று என்று இன்னொருவர் ஆட்சேபம் சொல்ல, இழுத்துக்கொண்டே போயிற்று. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் அவளுடைய பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும். அவள் வைத்த குழம்பு உள்ளே இருந்திருக்கும். பில் கட்டவில்லை என்று மின்வாரியத்தார் வந்து பியூஸைப் பிடுங்கிய பிறகுதான் அது ஓய்ந்தது. அப்புறம் தெரு முழுக்க வாடை. அவள் எவ்வளவு சுத்தக்காரி என்று எனக்குத் தெரியும். அந்த வாடைக்காக அவள் சார்பில் எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்திர எழுத்தர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில், ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக் கடை போட்டிருப்பவர். அவருடைய அம்மாவுக்கு நான் பல நாள் கட்டுக் கட்டியிருக்கிறேன். அந்த மரியாதையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் அடுத்த வருடத்துக் காலண்டர் இப்போதே தொங்கிக்கொண்டிருந்தது. காலண்டர் அச்சடிக்கிற எங்கள் ஊரில் அடுத்த வருடம் எப்போதும் சீக்கிரமே வந்துவிடும்.

கிறிஸ்தவர்கள் உயில் எழுதினால் கோர்ட்டுக்குப் போய் 'புரொபேட்' என்று ஓர் அத்தாட்சி வாங்கினால்தான் செல்லும் என்று எங்கள் சபையில் பல பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். அதைத்தான் முதலில் கேட்டேன்.

"அது பழைய கத, சிஸ்டர். உங்க ஆளுகளுக்கு அந்தக் கட்டாயத்த எடுத்து ரொம்ப நாளாச்சு. யாரும் சண்டைக்கு வரலைன்னா உயிலும் இறப்புச் சான்றும் வச்சு பட்டா மாத்திக்கிடலாம். ஆனா ஒருத்தன் வந்து, இது பொய் உயில்னு கெளம்பிட்டான்னு வைங்க, கோர்ட்டுதான். அப்ப சாட்சி போட்டவுகள்ல ஒருத்தராவது கூண்டுல ஏறி, ஆமா, எங் கண்ணு முன்னாலதான் போட்டாகன்னு சொல்லணும்."

"இப்பவே தானமா எழுதிக் குடுத்துட்டா?"

"யாருக்கு? சொந்தத்துக்குள்ளன்னா செலவு கம்மி. வெளி ஆளுன்னா விக்கிற மாதிரிதான் முத்திரைத்தாள் செலவு. அது போக, குடுத்தது குடுத்ததுதான். நாளைக்கு மனசு மாறிச்சுன்னா திரும்பாது. உயில்னா உசுரு இருக்கிற வரைக்கும் எம்புட்டுத் தடவ வேணும்னாலும் மாத்தலாம், ரத்துப் பண்ணலாம்."

"வெளி ஆளுதான்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். பெயரைச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். பட்டாசு என்றேன். "அவுக உங்களுக்கு முந்திப் போயிட்டா யாருக்குன்னு ஒரு வரி எழுதணும்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. அவளுக்கு என் வயதில் பாதிதான், ஏன் முந்திப் போகப் போகிறாள் என்று சத்தம் போட்டேன். அவர் விசைப்பலகையில் கையை வைத்தபடி காத்திருந்தார். இந்த ஊர்க்காரர், இந்த ஊர்ப் பத்திரங்களை எழுதுகிறவர். கடைசியில் அவளுடைய மகள் பெயரைச் சொன்னேன். தட்டெழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் சாட்சி விஷயம். வயது குறைந்தவர்களாக, உள்ளூரில் நிலைத்தவர்களாகப் பாருங்கள் என்றார். "இன்னொண்ணு. சொத்து யாருக்குப் போகுதோ அவுக சாட்சி போடவே கூடாது. உங்க சட்டத்துல அது ரொம்பக் கண்டிப்பு. போட்டா உயில் நிக்கும், ஆனா அவுகளுக்கு ஒண்ணும் கெடைக்காது." பிரிண்டரில் தாளைச் சொருகிக்கொண்டே, "அப்புறம், சொல்றேன்னு தப்பா நெனக்காதீக. சாட்சிக்குப் பட்டாசு ஆளு வேண்டாம்" என்றார்.

"ஏன், அவுக கையெழுத்துச் செல்லாதா?"

"பேஷாச் செல்லும். ஆனா சாட்சி நமக்கு அப்புறமும் இருக்கணும்ல."

அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வருகிற நாளில் காங்கிரீட் போடாதீர்கள் என்று கொத்தனார் சொல்வது போல, தொழில் பழக்கமாகச் சொன்னார். தீக்காய வார்டில் வேலை பார்த்த என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

சாட்சி என்றால் என்னவென்று எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையில் இருந்த காலத்தில், வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவரின் உயிலில் நானும் ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்டதையே மறந்துபோன பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கூடக் கையெழுத்துப் போட்டவர் அதற்குள் இறந்துவிட்டார். நான் ஒருத்திதான் பாக்கி. எதிர்க்கட்சி வக்கீல், "அன்றைக்கு அவர் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார்?" என்று கேட்டார். "வார்டுல யாருய்யா சட்டை போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான்?" என்றேன். நீதிபதி சிரித்துவிட்டார். பெரியவருக்கு நினைவு தெளிவாக இருந்ததா என்று கேட்டபோது, அன்று காலை இட்லிக்குச் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று என்னோடு சண்டை பிடித்ததைச் சொன்னேன். அந்தச் சாம்பார்தான் உயிலைக் காப்பாற்றியது. ஒரு மனிதன் செத்த பிறகு அவன் புத்தி தெளிவாக இருந்தது என்று சொல்ல, அவனோடு சண்டை பிடித்த ஒருத்தி உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

என்னோடு சண்டை பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேருக்கு என்னைவிட முட்டி மோசம். சபை ஐயரை, அதாவது போதகரை, ஊர்ப் பழக்கம் ஏற்படுவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். பாடகர் குழுவில் பாடிய பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். மளிகைக் கடைக்காரர் என்னை நன்றாக அறிந்தவர், ஆனால் என்னைவிட மூத்தவர். தெருவிலோ காலையில் கம்பெனி வேன் வந்து போன பிறகு மிச்சம் இருப்பது நானும் நாய்களும்தான். என்னைத் தெரிந்தவர்கள் எனக்கு முன்னால் போய்விடுவார்கள். எனக்குப் பின்னால் இருக்கப் போகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. இதைக் கண்டுபிடித்த அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

விதிவிலக்காக ஒரே ஒருத்தி இருந்தாள். அவளுக்குத்தான் வீட்டை எழுதுகிறேன்.

எதிர் வீட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள். புருஷன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. குடிவந்த புதிதில் ஒருநாள் புறங்கையில் சுட்ட புண்ணோடு வந்து நின்றாள். கம்பெனியில் இல்லை, வீட்டு அடுப்பில் சுட்டது என்று அவளாகவே சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுகிறவரைக்கும் கட்டுக் கட்டிவிட்டேன். ஆறின பிறகு ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்தாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரலாமா? முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தேன். அவளும் என் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். அப்படியே அவள் கிண்ணமும் என் கிண்ணமும் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் வருடக்கணக்காக நடந்தன.

சாயங்காலம் வேன் வந்து நிற்கும். அவள் இறங்கி, கை கால் கழுவிவிட்டு, நேரே என் சமையலறைக்கு வந்து தரையில் காலை நீட்டி உட்காருவாள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம் இருக்கும். "சாப்பிட்டீகளா, சிஸ்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டேன் என்றால், என்ன சாப்பிட்டீக என்று அடுத்த கேள்வி. பழைய சோறு என்றால் திட்டு விழும். வேனில் நடந்த சண்டை, போர்மேனின் குசும்பு, தீபாவளி ஆர்டர், எல்லாம் சொல்வாள். ஒருநாள் நான் முன்னறையில் விளக்குப் போடாமல் தூங்கிவிட்டேன். ஓடிவந்து கதவைத் தட்டு தட்டு என்று தட்டினாள். "வாசல் லைட்டப் போட்டு வைங்க, சிஸ்டர். எரியலைன்னா எனக்கு ஈரக்கொலை நடுங்குது" என்றாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுவதையும் கழித்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அதனால்தான் உயில் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொத்து வரும் என்று தெரிந்த பிறகு பக்கத்தில் இருக்கிற மனிதர்களை ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுப்பார்கள், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். கிழவிகளும் அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, இது எதற்கு என்று யோசிப்பார்கள். அவள் கொண்டுவருகிற குழம்பைப் பற்றி அப்படி யோசிக்கிற நிலைமை எனக்கு வந்துவிடக் கூடாது. என் காலம் முடிந்த பிறகு அவளுக்குத் தெரியட்டும், அதுவரைக்கும் இந்தச் சாயங்காலம் இப்படியே நடக்கட்டும் என்பதுதான் என் திட்டம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஒருநாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, சாட்சிக்கு ஆள் கிடைக்காத கதையைச் சொல்லி, "பத்திரக்காரரு சொல்றாரு, சின்ன வயசா இருக்கணுமாம், பட்டாசு ஆளும் வேண்டாமாம்" என்று நானே சொல்லிவைத்தேன். அவரைக் கேலி செய்வதாக எனக்கு நினைப்பு.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். "நாந்தான் இருக்கேன்ல, சிஸ்டர். எனக்கு எழுதத் தெரியும். நான் போடுறேன்."

நீ போட்டால் உனக்கு வீடு கிடைக்காது என்று சொல்ல முடியுமா? வேறு பொய் ஒன்றும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. "வேண்டாம்மா" என்றேன்.

"பட்டாசுக்காரி நாளைக்கே போயிருவான்னா?"

"அப்படி இல்ல."

"பெறகு எப்படி?"

குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோது அவள் உரித்த வெங்காயத்தைத் தட்டில் அழகாகக் கூட்டி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அதற்குப் பிறகும் வந்தாள். ஆனால் காலை நீட்டி உட்காரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, தலைவலிக்கிறது என்றோ துணி நனைத்திருக்கிறேன் என்றோ சொல்லிப் போனாள். பதிவை முடித்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது, தானாகச் சரியாகிவிடும் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

சாட்சிகள் கடைசியில் கிடைத்தார்கள். ஒருவர், தெருவுக்கு வருகிற கம்பெனி வேனின் டிரைவர். ஆட்களை ஆலை வாசலில் இறக்கிவிட்டு வருகிறவர், மருந்து இருக்கிற பக்கம் போகாதவர் என்று சொல்லி அவருக்குப் பத்திர எழுத்தரிடம் அனுமதி வாங்கினேன். இன்னொருத்தி, இ-சேவை மையத்தில் இருக்கிற பெண். பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று ரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். டெட்டால் போட்டுக் கழுவிக் கழுவி என் ரேகை தேய்ந்துவிட்டது. இயந்திரம் என்னை ஒப்புக்கொள்ளாது. அந்தப் பெண்தான் என் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்து, அழுத்தி, மறுபடி துடைத்து, நான் உயிரோடு இருப்பதை ஒவ்வொரு வருடமும் சாதித்துக் கொடுப்பவள். இரண்டு பேரும் கேட்டவுடன் சம்மதித்தார்கள். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சார்பதிவாளர் நல்ல மனுஷர். சுயநினைவோடுதான் எழுதுகிறீர்களா, யாரும் மிரட்டினார்களா என்று என்னைக் கேட்டுவிட்டு, டிரைவர் பக்கம் திரும்பினார்.

"இந்த அம்மாவைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும், சார். தெனமும் பாக்கிறவுகதான்."

"பேர் என்ன?"

டிரைவர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர்னுதான் சார் சொல்லுவோம்."

"அது சரி, பேர்?"

அவருக்குத் தெரியவில்லை. முகம் வியர்த்துவிட்டது. இ-சேவைப் பெண் இனிஷியலோடு என் பெயரைச் சொன்னாள். ஆதாரில் இருப்பது போலவே. வீடு எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டார். அவள் டிரைவரைப் பார்த்தாள். அவர் தெருவையும் முருங்கை மரத்தையும் சொன்னார். சார்பதிவாளர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருமாச் சேந்து ஒரு ஆளத் தெரிஞ்சு வச்சிருக்கீக" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேமராவுக்கு முன்னால் உட்காரச் சொன்னார்கள். எதிர் வீட்டுக்காரி அங்கே நின்றிருந்தால் என் பெயரையும் சொல்லியிருப்பாள், வீட்டையும் சொல்லியிருப்பாள், எனக்கு எந்தக் காலில் வாதம் என்பதையும் கேட்காமலே சொல்லியிருப்பாள். ஒரு மனிதரை முழுசாகத் தெரிந்தவளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாமல், அரையும் காலுமாகத் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

வேலை முடிந்தது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் வேனுக்குள் போகிற விஷயம் வேனோடு நிற்குமா? சிஸ்டர் உயிலுக்கு நான் கையெழுத்துப் போட்டேன் என்று டிரைவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உயிலில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதே வேனில் வந்த எதிர் வீட்டுக்காரியை ஏன் கூப்பிடவில்லை என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். தன் மாமியார் வகையில் ஒரு கோர்ட் வழக்கைப் பார்த்த இன்னொருத்தி, "எழுதி வாங்குறவுக சாட்சி போடக் கூடாதுடி, தெரியாதா?" என்றிருக்கிறாள். வேன் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் கை கால் கழுவாமல் வந்தாள். கையில் என்னுடைய கிண்ணம். தேய்த்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ரெண்டுல ஒண்ணுதான காரணம், சிஸ்டர். ஒண்ணு, நான் செத்துருவேன்னு நெனச்சிருக்கணும். இல்லைன்னா..." வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "எது? நீகளே சொல்லுங்க."

"நீ எனக்கு அப்புறமும் இருக்கணும்னுதான்" என்றேன்.

அவள் புரிந்துகொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா, தெரியவில்லை. அவள் அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் மருந்துக் கறை அப்பிக்கொண்டது.

"எனக்கு எதுக்கு வீடு? நான் கேட்டனா? நம்மளயும் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிட்டா, நமக்குத் தெரிஞ்சவுகன்னு போயி ஒரு கையெழுத்துப் போட ஆசப்பட்டேன். அம்புட்டுத்தான்."

"அதுக்கென்னம்மா. உள்ள வா. உக்காரு."

"இனிமே எப்படி வர? ஒரு கிண்ணம் குழம்பு கொண்டாந்தா, வீட்டுக்காகத்தான் ஊத்துறான்னு தெரு பேசும். நீகளே நெனப்பீக."

"நான் நெனக்கமாட்டேன்."

"நான் நெனப்பேன், சிஸ்டர்."

கிண்ணத்தை ஜன்னல் திண்டில் வைத்தாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "உங்களுக்கு அப்புறம் வந்து வீட்டப் பாத்துக்கிடுதேன். முருங்கைய வெட்டவிட மாட்டேன்" என்றாள்.

வீட்டுக்காக என்னைக் கவனிப்பாளோ என்றுதான் நான் பயந்தேன். வீட்டுக்காக என்னைக் கவனிக்காமல் விட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரோசக்காரி என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாமல் போயிற்று.

மறுநாளே பத்திர எழுத்தரிடம் போனேன். ரத்துப் பத்திரம் எழுத வேண்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. இந்த ஊரில் உயிலை எழுதுகிறவர்களைவிட மாற்றுகிறவர்கள்தான் அதிகமோ என்னவோ. "உக்காருங்க, சிஸ்டர். ஒரு லோன் பத்திரம் இருக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்றார். உட்கார்ந்தேன். ரத்துச் செய்துவிட்டு அவள் வீட்டு வாசலில் போய், எழுதியதைக் கிழித்துவிட்டேன், இப்போது வா என்று சொல்ல வேண்டும். வந்துவிடுவாள். காலை நீட்டி உட்காருவாள், சாப்பிட்டீகளா என்பாள். நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் பேசி, ஒருநாள் போய்ச் சேருவேன். பிறகு கிறிஸ்துமஸ் அன்று முகம் காட்டுகிற பையன்கள் யாரிடமோ போனில் சொல்லி வீட்டை விற்பார்கள். அவள் எதிரே வாடகை அறையில் நின்று, மரத்தை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் ஒரு மணி நேரத்துக்காக அவளுடைய கூரையைப் பிடுங்கலாமா என்று கேட்டுக்கொண்டேன். பிடுங்கலாம் என்று மனசில் ஒரு பாதி பச்சையாகவே சொன்னது. அந்தப் பாதியைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. அவர் லோன் பத்திரத்தை முடிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குப் பிறகு நடக்க வேண்டியது எல்லாம் இப்போது ஒழுங்காக இருக்கிறது. எந்தக் கோர்ட்டுக்கும் வேலை இல்லை. பத்திரம் பீரோவில், பீரோச் சாவி இ-சேவைப் பெண்ணிடம். பிரிட்ஜில் எதையும் ஒரு நாளைக்கு மேல் வைப்பதில்லை. அதுவரைக்கும் உள்ள நாட்களுக்கு என்ன எழுதிவைப்பது என்று எந்தப் பத்திர எழுத்தருக்கும் தெரியாது.

அவள் வருவதில்லை. தெருவில் பார்த்தால், "நல்லாருக்கீகளா, சிஸ்டர்?" என்கிறாள், மற்ற எல்லாரையும் போல. சாயங்காலம் வேன் வந்து நிற்கிறது. ஜன்னல் மறைவில் நின்று பார்க்கிறேன். இறங்குகிறாள், பூட்டைத் திறக்கிறாள், ஆனால் உள்ளே போவதில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு, தலை முடியை அவிழ்த்து முடிவது போல, என் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் வாசல் விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். ஒருநாளும் தவறியதில்லை.

சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் கொஞ்சம் தாமதமாகவே போடுகிறேன்.